தொழுவைப் பிரிக்கப் போகிறீர்களா? ஜேசிபியைக் கூப்பிடும் முன்

சின்னமனூரில் இருந்து கூடலூர் வரைக்கும், ரோட்டை விட்டு உள்ளே இறங்கி எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் பூட்டிக் கிடக்கிற மாட்டுத் தொழு ஒன்றாவது கண்ணில் படும். கருங்கல் சுவர், சீமை ஓட்டுக் கூரை, உள்ளே வரிசையாகக் கல் காடி, மேலே வைக்கோலும் தட்டையும் அடுக்கின பரண், ஒரு மூலையில் நெல் கொட்டி வைத்த குலுக்கை. உழவுக்கு டிராக்டர் வந்தது, அறுப்புக்கு மெஷின் வந்தது, கட்டுவதற்கு மாடு இல்லாமல் போனது. குடும்பத்தில் பாகம் பிரிந்ததும் முதலில் கை வைக்கிற இடமும் இதுதான். ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர், அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்குள் தரைமட்டம் ஆகிவிடும்.

அப்படி விழுந்த இடங்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். முறிந்த விட்டம் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும். எத்தனையோ மழையைத் தாங்கிய ஓடு சல்லி சல்லியாக நொறுங்கிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய் ஓடைக் கரையில் கொட்டிவிட்டு வருவார்கள். எனக்கு மனசு ஆறுவதே இல்லை. அதற்காக, மாடில்லாத தொழுவைக் காலத்துக்கும் காப்பாற்றி வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடு சரிந்து, கைமரம் உளுத்து, பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் சாய்ந்து நிற்கிற சுவர் உயிருக்கே ஆபத்து. எடுக்க வேண்டியதை எடுக்கத்தான் வேண்டும். கட்டினவர்கள் எந்த வரிசையில் கட்டினார்களோ அதற்குத் தலைகீழாக, மோட்டு ஓடு தொடங்கி அஸ்திவாரக் கல் வரைக்கும் ஆள் வைத்துப் பிரித்து எடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்படிப் பிரித்தால் காசும் மிஞ்சும், பொருளும் மிஞ்சும், யாருக்கும் காயம் படாது. அதற்கு வேலை தெரிந்த ஆளைப் பிடிப்பதுதான் பாதி வேலை.

உத்தமபாளையம் பக்கம் எங்கள் தாத்தா காலத்துத் தொழுவைப் போன கோடையில் பிரித்தோம். ஆள் விசாரித்தது, பேசி முடித்தது, வேலை நடந்த விதம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி உறவுக்காரர்கள் பலர் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் ஒரு தொழு பூட்டிக் கிடக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மேலே பாருங்கள். நம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். மலை மரம் மாட்டுவண்டி எட்டுகிற தூரத்தில் கிடைத்த காலத்தில் கட்டியவை இந்தத் தொழுக்கள். வீட்டு முகப்புக்குத் தேக்கை வைத்துவிட்டுத் தொழுவுக்கு வேங்கையும் மருதும் போட்டவர்கள் நிறையப் பேர். அந்த வேங்கையும் மருதும் வைரம் பாய்ந்த மரங்கள். மேலே கரியும் தூசியும் ஒட்டடையும் படிந்து கறுப்பாகத் தெரியும். வாச்சியால் ஒரு ஓரத்தில் லேசாகச் செதுக்கிப் பார்த்தால்தான் உள்ளே இருக்கிற நிறம் தெரியும். எங்கள் தொழுவில் விட்டத்துக்கு விட்டம் கழுந்து செதுக்கி, துளையில் இறக்கி, மர ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காக ஆசாரி உளியால் போட்ட கோடுகள்கூட அழியாமல் இருந்தன.

ஓட்டையும் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு மேற்குக் கரையில் வரிசையாக ஆலைகள் எழும்பின. நம் ஆட்கள் சீமை ஓடு என்று சொல்வது அந்த வகையைத்தான். அடியில் ஆலையின் பெயர் பதிந்திருக்கும். சுண்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வருகிற ஓடு இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாக வைத்துவிடலாம்.

சுவரில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டி, வெளியே மட்டும் சுண்ணாம்பு பூசிய சுவர் ஒரு வகை. செங்கலைச் சுண்ணாம்புக் காரையில் கட்டியது இன்னொரு வகை. சிமெண்டில் கட்டிய செங்கலைப் பிரித்தால் கல்தான் உடையும், சாந்து விடாது. சுண்ணாம்புக் காரை அப்படி இல்லை. கொத்துக் கரண்டியால் தட்டினாலே கழன்று, செங்கல் முழுசாகக் கைக்கு வரும். மறுபடி கட்டலாம். முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் 1887-ல் தொடங்கி 1895-ல் கட்டி முடித்ததுதான். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த தூள். அணையைக் கட்டிய பென்னிகுயிக் படத்தை வீட்டுக்கு வீடு மாட்டி வைத்து, தை மாதம் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் நம்முடையது. அந்த அணையைத் தாங்குகிற சுண்ணாம்பில் எழும்பிய சுவரைக் குப்பை என்று நினைத்துத் தள்ளுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்

வருகிற ஆள் கண்ணாலேயே அளந்துவிடுவார். நமக்குக் கணக்குத் தெரியவில்லை என்றால் அவர் சொல்கிறதுதான் விலை. பெரிய கணக்கெல்லாம் இல்லை. மரத்தைக் கன அடியில் பேசுவார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 12 அடி நீளம், 8 அங்குல அகலம், 6 அங்குலக் கனம் உள்ள விட்டம் 4 கன அடி. எத்தனை விட்டம், எத்தனை கைமரம், எத்தனை தூண் என்று எழுதிக்கொள்ளுங்கள். மங்களூர் ஓடு, கூரைச் சரிவில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். கல்லை யூனிட்டில் பேசுவார்கள். 100 கன அடி ஒரு யூனிட். 30 அடி நீளம், 10 அடி உயரம், ஒன்றரை அடி கனத்தில் ஒரே ஒரு சுவர் இருந்தால் அதுவே 450 கன அடி, நாலரை யூனிட். தனியாகக் கல் இறக்கினால் எவ்வளவு ஆகும் என்று குவாரிப் பக்கம் ஒரு விலை கேட்டுப் பாருங்கள், உங்கள் சுவரின் மதிப்புத் தெரிந்துவிடும். இது போக, கல் காடிகள். ஒற்றைக் கல்லில் குடைந்த காடியை இப்போது யாரும் கொத்துவதில்லை.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் ஆட்களை வரச் சொன்னேன்.

வந்தவர்கள்

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள்.

முதலில் ஜேசிபிக்காரர். "அண்ணே, காலைல மெஷின விட்டா மதியம் முடிஞ்சிரும். மணிக்கு இவ்வளவு, டிப்பர் தனி." நேர்மையான பேச்சுதான். அவர் தொழில் அது. ஆனால் பக்கெட் பட்ட மரம் மரமாக வராது. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அதிர்ச்சி போகும்.

இரண்டாவது, பழைய மரமும் பழைய சாமானும் வாங்கி விற்கிறவர். இவர் சொல்கிறதுதான் காதுக்கு இனிமையாக இருக்கும். "சாமான் பூரா எனக்கு. இடிச்சு, அள்ளி, சுத்தம் பண்ணிக் குடுத்துர்றேன். நீங்க ஒத்தப் பைசா தர வேணாம்." பலர் இதற்குத்தான் தலையாட்டுகிறார்கள். கன அடிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அவருடைய கூலியைப் போலப் பல மடங்கு மரமாக மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மரம் பாதி உளுத்துப் போய், ஓடும் உடைந்து கிடந்தால் அதுதான் லாபம். உங்களுக்கே வேண்டாத பொருளாக இருந்தாலும் சரி. ஆனால் அதை இனாம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்காதீர்கள். விற்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அதற்கான விலையைக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. மரம் மட்டும் வேண்டுகிறவர் மரம் இறங்கியதும் போய்விடுவார். கல்லும் மண்ணும் உங்கள் தலையில் நிற்கும்.

மூன்றாவது வந்தவர் ஒரு மேஸ்திரி. கொத்தனார் வேலையில் இருந்து வந்தவர், கூடவே ஒரு ஆசாரியையும் அழைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் விலை பேசவில்லை. தொழுவை வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று சுற்றினார். ஏணி போட்டு ஏறி, விட்டத்தின் முனைகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். சுவருக்குள் புகுந்திருக்கிற முனைதான் முதலில் இற்றுப்போகும், நடுவில் நன்றாக இருக்கிற மரம்கூட அங்கே தூளாக இருக்கும் என்று ஆசாரி எனக்குக் காட்டினார். பிறகு இறங்கி வந்து மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்த வடக்குச் சுவர் உங்களுதா, பொதுச் சுவரா?"

பொதுச் சுவர்தான். அந்தப் பக்கம் சித்தப்பா வீட்டு அடுப்படி அதன் மேல் சாய்ந்திருக்கிறது. அதைக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

"மேல இருந்து எறக்குனா மரம், கீழ விழுந்துச்சுன்னா வெறகு தம்பி. நாள் கூட ஆகும். சம்மதமாய்யா?" என்றார். சம்மதித்தேன். அவர் இதற்கு முன்னால் பிரித்த இரண்டு வீட்டுக்காரர்களையும் போய்ப் பார்த்துக் கேட்டேன். ஓடு எவ்வளவு தேறியது, சொன்ன பணத்துக்கு மேல் கேட்டாரா, பக்கத்து வீட்டோடு ஏதாவது சண்டை வந்ததா, ஆளுக்கு அடிபட்டதா. இந்த நாலு கேள்விக்கும் நல்ல பதில் வந்தால் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

பேசினதை எழுதிக்கொள்ளுங்கள்

சொந்த ஊர், தெரிந்த ஆள் என்று வாய் வார்த்தையில் விட்டுவிடுவது நம் வழக்கம். ஒரு வெள்ளைத் தாள் போதும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. நாங்கள் எழுதியது இதுதான். மரம், ஓடு, கல், காடி, இரும்பு இந்த ஐந்தும் யாருக்கு. எங்களுக்கு என்றால் எங்கே அடுக்கித் தர வேண்டும். கூலி மொத்தமாகவா, நாள் சம்பளமா. வேலை எந்த இடத்தில் முடிந்ததாகக் கணக்கு, அதாவது தரை மட்டத்தோடா, அஸ்திவாரக் கல்லையும் தோண்டியா. பொதுச் சுவரில் சேதம் வந்தால் யார் பூசித் தருவது. மண்ணை எங்கே கொட்டுவது. பணத்தை மூன்றாகப் பிரித்தோம். கூரை இறங்கியதும் ஒரு பங்கு, சுவர் இறங்கியதும் ஒரு பங்கு, இடம் சுத்தமான பிறகு கடைசிப் பங்கு. முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நாள் சம்பளமா, மொத்தமா என்பதில் என் எண்ணம் இது. கூரை இறக்குகிற வரைக்கும் நாள் சம்பளம் நல்லது. அவசரம் வந்தால் ஓடு உடையும், ஆளும் விழுவார். சுவருக்கும் மண் அள்ளுவதற்கும் மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்.

பங்காளி, பேரூராட்சி, மின்வாரியம்

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். சென்னையிலோ துபாயிலோ இருக்கிற தம்பி கேட்கமாட்டான் என்று நினைக்க வேண்டாம். தாத்தா கட்டிய தொழுவின் தூணைத் தனக்கு வைத்திருக்கச் சொல்லியிருப்பேனே என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல முடியாது. பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அந்தக் கட்டடத்துக்குச் சொத்து வரி போட்டிருந்தால் வேலை முடிந்ததும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தொழுவுக்கு ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் அது கம்பிதான். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏணியே வைக்க வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிக்கும் முன்னால் விட்டமும் தூணும் கட்டடத்தில் இருக்கிறபடியே போட்டோ எடுத்து வையுங்கள். தோதகத்தி மரத்துக்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் வந்தது. உங்களுடையது பழைய கட்டட மரம்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும். வாங்குகிறவர் வண்டி குமுளியோ கம்பமெட்டோ போடிமெட்டோ ஏறிக் கேரளப் பக்கம் போவதாக இருந்தால் வனத்துறையிடம் முதலிலேயே கேட்டு, காகிதத்தைச் சரியாக வைத்துக்கொண்டு ஏற்றச் சொல்லுங்கள்.

எப்போது

ஆடிக் காற்றில் ஓட்டுக் கூரையில் ஏறக் கூடாது. கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, காற்றாலைகளே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. கூரை இறங்கிய மண் சாந்துச் சுவரில் மழை பட்டால் ஒரே ராத்திரியில் சரியும். அதனால் இரண்டாம் போகம் அறுத்து முடித்த பிறகு, ஜூன் முதல் தேதிவாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் முதல் போகத்துக்கு இறங்குவதற்கு முன்னால் இருக்கிற கோடைதான் தோது. அப்போது வயலும் சும்மா கிடக்கும், பொருளை அடுக்க இடம் கிடைக்கும்.

ஆள் கிடைப்பதற்கும் அதுதான் காலம். ஏலக்காய்ப் பறிப்பு நடக்கிற மாதங்களில் கம்பம், கூடலூர், தேவாரம், போடியில் இருந்து விடிவதற்குள் ஜீப்பில் ஆட்கள் மலையேறிவிடுவார்கள். சித்தாள் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா நாட்களையும் கணக்கில் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் யாரையும் வேலைக்குக் கூப்பிடுவது முறையும் இல்லை.

வேலை நடந்த விதம்

தொடங்குகிற அன்று மேஸ்திரி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். எங்கள் அப்பத்தா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் நந்தகோபாலசாமி கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கல் அன்று சுற்றுப்பட்டு ஊர் விவசாயிகள் எல்லாம் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற பக்கம் இது. தொழுவே கோயிலாக இருக்கிற ஊரில் தொழுவைப் பிரிக்கிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் தொடங்குவதுதான் சரி. அப்பத்தாவுக்கும் அதில் ஒரு ஆறுதல்.

அதற்கு முந்தின நாள் பரணையும் கூரை மூலைகளையும் பார்த்தோம். கதண்டுக் கூடு, தேள், ஓட்டுக்கு அடியில் பாம்புச் சட்டை எல்லாம் இருக்கும். பாம்பே இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொன்னால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். பரணில் கூகை கூடு வைத்திருந்தால், குஞ்சு பறக்கிற வரைக்கும் வேலையைத் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வயல் எலியைத் தின்று தீர்க்கிற பறவை அது. அபசகுனம் என்று விரட்டுகிறார்கள், கொல்லவும் செய்கிறார்கள். சட்டப்படியும் அது பாதுகாக்கப்பட்ட பறவை.

கட்டடம் இடிப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4130 என்று ஒரு பாதுகாப்பு விதித் தொகுப்பு வைத்திருக்கிறது. மேஸ்திரி அதைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்தது ஏறக்குறைய அதுதான். கம்பி, குழாய் இணைப்புகளைத் துண்டித்துவிட்டுத் தொடங்குவது, மேலிருந்து கீழே வருவது, சுவரை மொத்தமாகச் சாய்க்காமல் பகுதி பகுதியாக இறக்குவது.

மோட்டு ஓட்டில் இருந்து தொடங்கினார்கள். கூரையின் இரண்டு சரிவிலும் சமமாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் காலி செய்தால் பாரம் ஒருசாய்ந்து கைமரம் முறுக்கிக்கொள்ளும். ஓட்டின் மேல் காலை வைக்காமல், கைமரத்தின் மேல் பலகை போட்டு நின்றார்கள். ஓடு கை மாறிக் கை மாறிக் கீழே வந்தது, ஒன்றுகூட எறியப்படவில்லை. ஓடும் ரீப்பரும் போன பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டால் எண் போட்டோம். கிழக்கே இருந்து முதல் விட்டம், இரண்டாம் விட்டம் என்று ஒரு படமும் வரைந்துகொண்டோம். பிறகு இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஆசாரி மர ஆணிகளைத் தட்டி எடுக்க, விட்டத்தை மெதுவாக இறக்கினார்கள்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். கூரை இருக்கிறவரைக்கும் விட்டம்தான் சுவர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும். விட்டம் போய்விட்டால், மோட்டைத் தாங்கின முக்கோணச் சுவர் பிடிப்பில்லாமல் தனியாக நிற்கும். அதன் அடியில் யாரும் போகக் கூடாது. அன்றைக்கே மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லை எடுத்துச் சுவரைத் தாழ்த்திவிட வேண்டும், பாதியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கூடாது. அடியில் கடப்பாரையால் குடைந்து சுவரைச் சாய்க்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும் என்று செய்கிறார்கள். சுவர் விழுந்து ஆள் செத்தார் என்று செய்தி வருவதற்கு அதுதான் காரணம். உங்கள் வேலையிடத்தில் யாராவது அப்படித் தோண்டினால் வேலையை நிறுத்துங்கள். தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பதும் கீழே குவிந்த கல் மண்ணில்தான், நிற்கிற மண் சுவரில் கூடாது.

இந்த வேலை செய்கிறவர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1996-ம் வருஷக் கட்டடத் தொழிலாளர் சட்டம், கட்டுவதோடு இடிப்பதையும் கட்டட வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. வருகிறவர்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பதிவு செய்ய உதவுங்கள். விபத்து நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த அட்டைதான் துணை. ஹெல்மெட், கையுறை, முகக் கவசம், உயரத்தில் நிற்கிறவருக்கு இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் நாங்களே வாங்கி வைத்தோம். முதல் நாள் கூச்சப்பட்டார்கள், "பழக்கமில்லைய்யா" என்றார்கள். மேஸ்திரி முதலில் மாட்டிக்கொண்டார், மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். சித்தாள் வேலைக்கு வந்த அக்காமார்களுக்குக் கல் சுமையும் ஆணுக்குச் சமமாகத்தான் இருந்தது. அதனால் சம்பளத்தையும் சமமாகக் கொடுத்தோம். எல்லாரும் அப்படிக் கொடுக்க வேண்டும்.

பிரித்தது எங்கே போகிறது

பழைய வீட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்துவது புது யோசனை இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்று மதுரையில் சொல்வார்கள். நம் காலத்தில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் போய்ப் பார்க்கலாம். கேரளத்துப் புதுப்பள்ளியில் 19-ம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டில் நடந்தது வேறு. வாரிசுகள் பெருகி, பங்கு பிரிக்க வழியில்லாமல் பர்மா தேக்கு வீடுகள் பல உடைந்தன. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கின்றன. அங்கே ஒரு கதவைப் பார்த்தால் அது எந்த ஊர், எந்த வீடு என்று கடைக்காரருக்கே தெரியாது. நம் தொழு மரத்துக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது என்றுதான் எண் போட்டு, படம் வரைந்து வைக்கச் சொல்கிறேன்.

எங்கள் விட்டங்களில் நல்லவற்றைத் தங்கை கட்டுகிற வீட்டின் முன் தாழ்வாரத்துக்குக் கொடுத்தோம். மரத்தைத் தரையில் போடாமல், அடியில் கட்டை கொடுத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சக்கை வைத்துக் காற்றோட்டமாக அடுக்கினால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைக்கலாம். கல் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்குப் போனது. காடி ஒன்றைச் சித்தப்பா கேட்டார், அவர் இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். மிச்ச ஓட்டை வாங்கினவர் சொந்தமாக ஆட்டுக் கொட்டகை போடுகிறவர், வியாபாரி இல்லை.

மிஞ்சுகிற கல் மண்ணைத்தான் எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள். முன்னால் சொன்ன அந்த ஒரு சுவரே 30 டன் பக்கம் வரும். கட்டட இடிபாடுகளுக்கு மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த விதிகள், ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் உண்டாக்குகிறவரைப் பெரிய அளவில் கழிவு உண்டாக்குகிறவராகக் கணக்கு வைத்தன. 2025-ல் அவற்றுக்குப் பதிலாகப் புது விதிகளும் அறிவிக்கப்பட்டன. ஜேசிபி விட்டு ஒரே காலையில் எல்லாவற்றையும் தள்ளினால் அந்த அளவை நம் தொழுவே தாண்டிவிடும். பிரித்து எடுத்தாலோ, கல்லும் செங்கல்லும் பொருளாகிவிடும், கழிவு என்று சொல்ல மண்ணும் உடைந்த காரையும்தான் மிஞ்சும். அந்த மண்ணைத் தோட்டத்து வண்டிப் பாதையில் போட்டு மட்டம் செய்யலாம். பதினெட்டாம் கால்வாய்க் கரையிலும் ஊர் ஓடையிலும் கண்மாய் வரத்திலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டுகிறார்களே, அதை மட்டும் செய்ய விடாதீர்கள். தண்ணீருக்காக இவ்வளவு போராடின பள்ளத்தாக்கில் தண்ணீர் வருகிற வழியை நாமே அடைக்கக் கூடாது. டிப்பர்காரர் எங்கே கொட்டுகிறார் என்று முதல் நடைக்குக் கூடவே போய்ப் பாருங்கள்.

கடைசிப் பங்குப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஆணி. மரத்தில் இருந்தும் ரீப்பரில் இருந்தும் விழுந்த துரு ஆணிகள் மண்ணுக்குள் கிடக்கும். கயிற்றில் பெரிய காந்தத்தைக் கட்டி இடம் முழுக்க இழுத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டு மாட்டின் காலிலும் டிராக்டர் டயரிலும் ஏறும். இன்னொன்று, தொழுவின் தரை மண். எத்தனையோ வருஷமாகச் சாணியும் கோமியமும் ஊறிய மண் அது. அதன் மேலேயே சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். அரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கல்லும் ஆணியும் பொறுக்கிச் சலித்து, வாழைக்கோ நாற்றங்காலுக்கோ பரப்புங்கள். எங்கள் தொழு மண் மூன்று டிராக்டர் வந்தது, நாற்றங்காலுக்குப் போட்டது போக மிச்சத்தை மேஸ்திரி தன் வாழைத் தோட்டத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.